தரை மூச்சு வாங்கிய மதியம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ரேடியோ அலைகளைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். கற்றை எப்படிக் குவிகிறது, எதிரொலி எப்படித் திரும்புகிறது, ஒரே அலையை வைத்துப் பேசவும் பார்க்கவும் எப்படி முடிகிறது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே உங்கள் காதில் போட்டிருப்பார்கள். அதில் எதையும் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. காலி இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் என்னைப் பயமுறுத்தியது அது ஒன்றுதான்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கே வந்துவிட்டேன். இந்த வயதில் ஓய்வா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் கயத்தாறு வரைக்கும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போய், லாரிகள் நிற்கிற கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வருகிறேன். இறக்கை ஒரு சுற்று வரும்போது அதன் எதிரொலி திரையில் எப்படி வளையும் என்று விரல் தானாகக் காற்றில் கோடு போடுகிறது. கடைக்காரர் என்னைக் கொசு விரட்டுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறேன்.

முதலில் என்னுடைய முதல் மேலதிகாரியைப் பற்றி ஒன்று. சென்னையில், அலையை விழுங்குகிற கூம்புகள் சுவரெல்லாம் பதித்த அறை ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். எனக்கு மூத்தவர் ஒருவர் ஒரு நாள் திரையைக் காட்டி, ஆன்டெனாவின் பின்பக்கம் துளிக்கூடக் கசிவு இல்லை சார் என்றார். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மேலதிகாரி மேசைக்குப் பின்னால் போய்க் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திரையில் அதே கோடு, ஒரு மயிரிழை மாறாமல். கேபிள் அதுவரைக்கும் சரியாகச் செருகப்படவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் இல்லைன்னு வந்தா, யார் சொன்னான்னு கேளு." சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை நான் பல வருடம் எங்கும் செலவழிக்காமல் வைத்திருந்தேன். செலவழித்தது கழுகுமலைச் சாலையிலிருந்து மண்பாதையில் பிரிந்து போகிற ஒரு கல் குவாரியில்.

அந்தக் குவாரி மேட்டில் எங்கள் சோதனைக் கம்பம் நின்றது. அதன் உச்சியில் கதவளவுக்கு ஒரு பலகை, பலகைக்குள் அறுபத்து நான்கு சின்ன ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் ஒரே சொல்லை நூலளவு முன்பின்னாகச் சொல்லும். அந்த முன்பின் சரியாக அமைந்தால் ஒரு திசையில் எல்லாக் குரலும் சேர்ந்து ஓங்கும், இன்னொரு திசையில் ஒன்றை ஒன்று அணைத்துவிடும். ஓங்கிய இடத்தில் கைப்பேசி இருந்தால் பேச்சு போய்ச் சேரும். மாடு நின்றால் அலை மாட்டின் மேல் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்ததை வைத்து அங்கே என்ன நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லிவிடலாம். மாட்டின் கழுத்தில் எதையும் கட்ட வேண்டாம்.

குவாரிக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். வெடி வைப்பதற்கு முன்னால் சுற்றுவட்டாரத்தில் ஆள் அரவம் இருக்கிறதா என்று உங்கள் பலகை பார்க்குமா என்று அவரே வந்து கேட்டார். பார்க்கும், ஆனால் கொடி பிடிக்கிற ஆட்களுக்கு மேலே ஒரு கண்ணாகத்தான் பார்க்கும், அவர்களுக்குப் பதிலாக இல்லை என்று சொல்லி ஒப்புக்கொண்டோம். மேற்கே ஒருவர், வடக்கே ஒருவர், கிழக்கே ஒருவர் சிவப்புக் கொடியோடு நிற்பார்கள். தெற்கே எங்கள் கொட்டகை. வெடிகாரர் பால்சாமி கல்லால் கட்டிய மறைவுக்குள் உட்கார்ந்துகொண்டு வாக்கிடாக்கியில் ஒவ்வொரு திசையாகக் கூப்பிடுவார். மூன்று பேரும் காலி என்று சொன்ன பிறகு நான் திரையைப் பார்த்துக் காலி என்பேன். அதன் பிறகுதான் அவர் கை வெடிக்கிற விசைக்குப் போகும்.

எங்கள் பலகைக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் அதற்குக் காலி நிலத்தைக் காட்ட வேண்டும். இதுதான் தரை, இதுதான் பாறை, இதுதான் உடைமரம், இவையெல்லாம் செய்தி அல்ல என்று கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு மேல் புதிதாக வருவதை மட்டும் அது திரையில் ஏற்றும். அன்றைக்குக் காலையில் மின்வெட்டு. கரண்ட் வந்து கீர்த்தனா அதைப் பழக்கி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கீர்த்தனா கோயம்புத்தூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை, வேலையில் படுசுத்தம். அவள் செய்ததில் எந்தக் குறையும் இல்லை. கொட்டகையிலிருந்து பார்த்தால் கிழக்குச் சரிவு தெரியாது. நடுவில் கழிவுக்கல் குவியல் மலைபோல நிற்கும்; கம்பத்து உச்சியில் இருக்கிற பலகைக்குத்தான் தெரியும்.

கோடை. பருத்தி எடுத்துவிட்டு நிலமெல்லாம் வெறும் கறுப்பாகக் கிடந்தது. கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அந்த வெயிலில் கரிசலைப் பார்த்தால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கல் மாதிரி இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலையாட்கள் வெளியேறிய பிறகு வெடி வைப்பதாக ஏற்பாடு. பாறையில் போட்ட துளைகளுக்கு வெடிமருந்து போட்டாயிற்று. குவாரிச் சங்கும் ஊதியாயிற்று. அப்போதுதான் மேற்கே மேகம் எழுந்தது.

மேகம் என்றால் சாதாரண மேகம் இல்லை. அடியில் மை, மேலே பூத்த பருத்தி. எங்கள் அலை இருக்கிற இடம் என்பதால் மருந்தைத் தூண்ட மின்சாரத்தில் பற்றுகிற கேப் அங்கே கிடையாது, குழாய்க்குள் தீ ஓடுகிற வகைதான். ஆனாலும் மின்னலுக்கு எந்த வகையும் விலக்கில்லை. மருந்து போட்ட துளைகளோடு மின்னலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க எந்த வெடிகாரருக்கும் மனம் வராது. ஒன்று மேகம் வருமுன் வெடித்துவிட வேண்டும், இல்லை என்றால் எல்லோரும் விலகி அது கடக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பால்சாமியின் குரலில் வழக்கமான சாவகாசம் இல்லை.

"மேற்கே?"

"காலி."

"வடக்கே?"

"காலி."

"கிழக்கே?"

பதில் இல்லை. வாக்கிடாக்கி கரகரத்தது. அண்ணாச்சி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சாவகாசமாகப் பொத்தானை அழுத்தி, "கிழக்கே மேடம் சொல்லுவாவ," என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. கிழக்கே ஆள் எங்கே என்று கேட்டேன். போன வெடி முடிந்த கையோடு கிழக்கே ஆளை எடுத்தாயிற்று, ஒரு வாரம் ஆகிறது என்றார். இத்தனை தடவை அந்த ஆள் சொன்னதையும் உங்கள் திரை சொன்னதையும் ஒத்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடப் பிசகவில்லை, பிறகு எதற்கு ஒரு மனுசனை வெயிலில் காயப்போட வேண்டும், அவனை லாரிக்குத் தார்ப்பாய் கட்ட அனுப்பிவிட்டேன் என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. எங்களைப் புகழ்கிறார். நான் அதுவரைக்கும் மூன்றாவது காலிக்கு மேல் நான்காவது காலி சொல்கிறவள். அன்றைக்குக் கிழக்கே என் வாய் மட்டும்தான் இருந்தது.

திரை பச்சையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். கருவி நன்றாக வேலை செய்கிறது. இதுவரை பிழை இல்லை. மேகம் வருகிறது. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் வாயைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிடுவதைப் போல எளிதான காரியம் உலகத்தில் கிடையாது.

எனக்கு அந்தப் பச்சையில் ஏதோ பிடிக்கவில்லை. பழக்கி முடித்ததிலிருந்து மற்ற இடமெல்லாம் காற்றுக்கு அவ்வப்போது ஒரு புள்ளி மினுக்கி மறைந்திருந்தது. ஒரு காய்ந்த செடி ஆடும், ஒரு காகிதம் பறக்கும், பலகை எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். கிழக்கே உடைமரங்கள் நிற்கிற இடத்தில் மட்டும் அந்த மினுக்கல்கூட இல்லை. கரிசலில் காற்று தொடாத இடம் என்று ஒன்று உண்டா? அந்த இடம் அடக்கமாக இருந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டிருப்பது போல.

கீர்த்தனாவிடம் ஒன்று கேட்டேன். "இன்னைக்குப் பழக்கும்போது அது காலி நிலம்தான்னு யார் பாத்தா?"

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நிலம் காலின்னு நெனச்சுத்தானுங்க்கா பழக்குனேன்," என்றாள். அவ்வளவு நேர்மையான பதிலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

சுத்தம் பண்ணுகிற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். பழகிய நிலத்தைக் கழிக்க வேண்டாம், சிறு அசைவை ஒதுக்க வேண்டாம், அறுபத்து நான்கும் அந்த மரத்தடிக்குக் குவியட்டும் என்றேன். திரை ஒரு நொடியில் குப்பையாயிற்று. தூரத்துக் காற்றாலைகளின் இறக்கை வீச்சு, பாறையின் பளீர், கொட்டகைத் தகரத்தின் எதிரொலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. அந்தக் குப்பைக்குள் மரத்தடியைத் தேடிப் பிடித்தோம். அங்கே ஒரு நடுக்கம். மிகச் சின்னது. சீரானது. வேகமானது.

"இலையா இருக்குமுங்க்கா," என்றாள் கீர்த்தனா.

இலையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் அந்த நேரத்தில் காற்று விழுந்துவிட்டது. பெருமழைக்கு முன்னால் ஒரு அடைப்பு வருமே, கொட்டகை ஓரத்துக் கொடிச்சீலைகூடத் தொங்கிப்போய், உடம்பில் வியர்வை நின்ற இடத்திலேயே நிற்குமே, அந்த அடைப்பு. மற்ற செடிகளின் ஆட்டமெல்லாம் திரையில் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. மரத்தடி மட்டும் ஓயவில்லை. அது காற்றைக் கேட்டு ஆடவில்லை. தரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், கிழக்கே?" பால்சாமி மறுபடியும்.

"நிறுத்துங்க," என்றேன். "கைய எடுத்துட்டு வெளிய வந்துருங்க."

அண்ணாச்சிக்குப் பெருமை போய்க் கோபம் வந்தது. மருந்து உள்ளே கிடக்கிறது, மேகம் தலைக்கு வருகிறது, இடி விழுந்து தானாக வெடித்தால் கல் எந்தத் திசையில் போகும் என்று யாருக்குத் தெரியும், இவ்வளவு நாள் சரியாக இருந்த பெட்டி இன்றைக்கு மட்டும் கெட்டுப்போயிற்றா என்று அவர் கேட்டதில் எதுவும் தவறில்லை. எல்லாம் நியாயம். கடைசியில் என் முகத்துக்கு நேராக நின்றார்.

"ஒரே சொல்லாச் சொல்லுங்க. அங்கன ஆள் இருக்குன்னு சொல்லுதீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. ஆள் இருக்குன்னு நான் சொல்லல. இல்லன்னு சொல்ல என்னால முடியல."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

"ஒண்ணுன்னா நான் இந்நேரம் காலின்னு சொல்லியிருப்பேன்லா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். படித்தவர்களையும் படிக்காதவர்களையும் பெட்டிகளையும் சேர்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். ஆபத்து எல்லைக்குள் நுழையாமல் வெளிப்பாதையில் சுற்றித்தான் போக வேண்டும் என்று நான் கத்தியது கேட்டதா தெரியவில்லை. ஆனால் சுற்றித்தான் போனார். புழுதி மட்டும் சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது. நகர்த்தக் காற்று இல்லை.

அவர் திரும்புகிற வரைக்கும் இருந்த நேரத்தைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது. மேற்கே முதல் மின்னல் ஓடியது, சத்தம் வரவில்லை. பால்சாமி வந்து கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்து, மேகத்தையும் குவாரியையும் மாறி மாறிப் பார்த்தார். கீர்த்தனா நகத்தைக் கடித்தாள். நான் இரண்டு விதமாகவும் பயந்தேன். அங்கே யாரோ இருந்து, இடி முந்திக்கொண்டால்? அங்கே யாருமே இல்லாமல், இத்தனை பேரையும் மருந்தோடும் மின்னலோடும் நான் உட்காரவைத்திருந்தால்? சொல்லிவைக்கிறேன்: அந்த இரண்டாவது பயத்தை உங்களால் தாங்க முடிய வேண்டும். முதலாவது பயம் யாருக்கும் வரும். யாருமே இல்லாமல் போய், எல்லோர் முன்னாலும் முட்டாளாக நிற்கிற பயத்தைத் தாங்க முடியாதவர்கள்தான் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். அண்ணாச்சி வெறும் கையோடு திரும்பியிருந்தாலும் நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கே என்னிடம் நான் சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்பது வேறு.

முதலில் கேட்டது ஆடுகளின் சத்தம். கழிவுக்கல் குவியலுக்குப் பின்னாலிருந்து, வெளிப்பாதை வழியாக, ஒரு மந்தை வழிந்து வந்தது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே வந்தன. மந்தைக்குப் பின்னால் ஒருவர் தூக்குவாளியோடு ஓட்டமும் நடையுமாக. அவருக்கும் பின்னால் அண்ணாச்சி, மோட்டார் சைக்கிளை முதல் கியரில் உறுமவிட்டு, ஆட்டுக்காரர் மாதிரியே வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு. அவர்கள் கொட்டகையைத் தொடுவதற்கும் மழை விழுவதற்கும் சரியாக இருந்தது. தகரத்தின் மேல் கல்லாக விழுந்தது. ஆடுகள் எங்கள் கேபிள்களை மிதித்துக்கொண்டு உள்ளே புகுந்தன. ஒன்று கீர்த்தனாவின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

ஆட்டுக்காரர் பெயர் இருளப்பன். ராமநாதபுரத்துப் பக்கம். பருத்தி எடுத்த நிலத்தில் கிடை போடச் சொல்லி நிலத்துக்காரர் கூப்பிட்டிருந்தார். ஆட்டை இரவெல்லாம் நிலத்தில் அடைத்துப் போட்டால் அதுவே உரம். வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வெயில் ஏறியதும் மந்தையை மரத்தடிக்கு ஓட்டி வந்து படுக்கவைத்திருக்கிறார். அவை படுத்த பிறகுதான் எங்களுக்குக் கரண்ட் வந்திருக்கிறது. இரைத்துக்கொண்டு கிடந்த ஆடுகளையும் அவரையும் சேர்த்தேதான் எங்கள் பலகை அன்றைக்குத் தரை என்று கற்றுக்கொண்டது. இந்த இடம் இப்படித்தான் நடுங்கும் என்று பழகிப்போய், எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்ததைச் சொன்னது.

மழை கொஞ்சம் தணிந்ததும் அண்ணாச்சி அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏம்வே, அவ்வளவு நேரம் சங்கு ஊதுது, காது கேக்காதா உமக்கு?"

"கேட்டுச்சே. நல்லாக் கேட்டுச்சு," என்றார் இருளப்பன். "ஊதவும்தான் தூக்குவாளியத் திறந்தேன்."

அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, கோவில்பட்டிக்காரி அல்லவா. இந்த வட்டாரத்தில் மதியம் சங்கு ஊதினால் தீப்பெட்டி ஆபீஸில், தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம், சாப்பாட்டுக்கு விடுகிறார்கள் என்று அர்த்தம். முதல் நாளே யாரோ அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே மணி பார்க்க வேண்டியதில்லை, சங்கு ஊதினால் சாப்பிடலாம் என்று. தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதியபோது ஆட்டுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்து எங்கள் சங்கு ஊதியதும் இது இன்னொரு ஆபீஸ், அவர்களும் விட்டுவிட்டார்கள் என்று நிம்மதியாக உட்கார்ந்து கஞ்சியை எடுத்திருக்கிறார்.

"நீரு சாப்பிடணும்னா இங்கன சங்கு ஊதுதோம்?" என்று கேட்ட அண்ணாச்சி பாதியில் நிறுத்திக்கொண்டார். கிழக்குப் பக்கம் பார்த்தார். மழையில் எதுவும் தெரியவில்லை. அவர் எதையோ கணக்குப் போடுவது தெரிந்தது. கல் பறக்கிற தூரத்தையும் மரத்தடியையும். போட்டு முடித்த பிறகு ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி, முதல் டம்ளரை இருளப்பனிடம் நீட்டினார். "குடியும். பாதிக் கஞ்சியில எழுப்பிட்டேன்," என்றார்.

இடி தலைக்கு மேல் உருண்டு, இடைசெவல் பக்கமாக நகர்ந்து, பிறகு அடிவானத்தில் எங்கோ முனகிக்கொண்டிருந்தது. குவாரியில் எதுவும் நடக்கவில்லை. நனைந்த கரிசல் வாசம் ஆட்டு ரோம வாசத்தோடு கலந்து கொட்டகையை நிறைத்தது. நான் வாழ்க்கையில் நல்ல ஆராய்ச்சிக்கூடங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த வாசம் எதிலும் இல்லை.

வானம் முழுக்கத் தெளிந்த பிறகு பால்சாமி போய் இணைப்புகளைத் திரும்பப் பார்த்துவிட்டு, மாலைக்குள் வெடித்துவிடலாம் என்றார். நிலத்தைப் புதிதாகப் பழக்குவதற்கு முன்னால், நடந்தது என்ன என்று அண்ணாச்சிக்குக் காட்டுவதற்காக, கீர்த்தனா மதியம் இருந்த நிலைக்கே கருவியைத் திருப்பினாள். திரையில் ஈர நிலம் அங்கங்கே சிதறலாகப் பளபளத்தது. கிழக்கே மரத்தடியில் மட்டும் நிறையப் புள்ளிகள், ஒரு கூட்டம்.

அண்ணாச்சி திடுக்கிட்டார். "அங்கன மறுபடியும் யாரு?"

கீர்த்தனா அவருக்குச் சொன்னாள். அங்கே யாரும் இல்லை. ஆடு இருப்பதுதான் தரை என்று இது படித்துவைத்திருக்கிறது. இப்போது ஆடு இல்லாததும், தரையில் ஏதோ மாறிவிட்டது, யாரோ வந்துவிட்டார்கள் என்று காட்டுகிறது. இருந்தபோது இல்லை என்றது, இல்லாதபோது இருக்கிறது என்கிறது.

"அப்ப இது காட்டுதது தப்பு."

"தப்புத்தானுங்க அண்ணாச்சி."

"அங்கன இருந்த அத்தனையும் நான்தான் ஓட்டிட்டு வந்தேன். இந்தா நிக்கி, எண்ணிக்கிடலாம்."

"ஆமாங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலில் மாட்டியிருந்த சிவப்புக் கொடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாக்கிடாக்கி ஒன்றை மடியில் செருகினார். "எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்," என்றார். சேற்றில் வழுக்க வழுக்க மோட்டார் சைக்கிள் வெளிப்பாதையில் இறங்கியது.

கீர்த்தனா புதிதாகப் பழக்கத் தொடங்க விசைப்பலகையில் கையை வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள். வாக்கிடாக்கிக்குக் காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அது கரகரத்தது.

"மேடம், கிழக்கே பேசுதேன். மரத்தடி, வரப்பு, ஓடை எல்லாம் நடந்து பாத்துட்டேன். இங்கன நான் ஒருத்தன்தான் நிக்கேன்." மூச்சு வாங்கினார். "நானும் எல்லைக்கு வெளிய போயிட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் காலின்னு சொல்லிராதீங்க."